வீடு கட்டப் போகிறவன் பெட்டியில் என்ன வைக்க வேண்டும்?



போன மாதம் என் மகள் வயிற்றுப் பேரன் தொலைபேசியில் கூப்பிட்டான். பொறியியல் கடைசி வருஷம் படிக்கிறான். "தாத்தா, பிப்ரவரியில இலங்கைக்குப் போறேன். கிளிநொச்சிப் பக்கம், பத்து நாள். ஒரு தொண்டு நிறுவனம் கூட்டிக்கிட்டுப் போகுது. வீடு கட்டறதுக்கு" என்றான்.

"நீயா? செங்கல் தூக்கவா?"

"ஆமா தாத்தா. அம்மா பயப்படறாங்க. என்னென்ன எடுத்துக்கணும்னு நீங்க ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுங்க. நீங்கதான் லிஸ்ட் போடறதுல கெட்டிக்காரராச்சே."

கிண்டல்தான். தாலுகா ஆபீஸில் 35 வருஷம் பட்டியல் எழுதியே காலம் தள்ளியவன் நான். சரி என்று காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். பட்டியல் பத்து வரியில் முடிந்துவிட்டது. ஆனால் வெளியூர்க்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய் அடுத்தவருக்கு வீடு கட்டிக் கொடுக்கும் இந்த வழக்கம் எங்கே தொடங்கியது, அதில் எது நின்றது, எது வீணாயிற்று என்ற நினைப்பு என்னை விடவில்லை. படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இலங்கை ஒன்றும் தூர தேசம் அல்ல. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் புறப்பட்ட போட் மெயில் திண்டிவனம், விழுப்புரம் வழியாகத்தான் தனுஷ்கோடிக்குப் போயிற்று. அங்கே இறங்கிக் கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே போயிற்று. 1983-க்குப் பிறகு அந்தக் கடலைத் தாண்டி அகதிகள் வந்தார்கள். மரக்காணம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு முகாம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அங்கிருந்து இங்கே ஓடி வந்தவர்களைப் பார்த்த கண்ணுக்கு, இங்கிருந்து ஒரு பிள்ளை அங்கே வீடு கட்டப் போவது அதிசயமாகத்தான் இருக்கிறது.

என் சொந்த அனுபவம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1970-களில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நம் பக்கத்தில் கரும்புத் தோகை வேய்ந்த குடிசைகள் அதிகம். சித்திரை வெயிலில் ஒன்று பற்றினால் தெருவே சாம்பலாகும். அப்படி ஒரு சேரி எரிந்த மறுநாள், சேதக் கணக்கு எடுக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டரோடு என்னையும் அனுப்பினார்கள். பதிவேட்டில் பெயர், தகப்பனார் பெயர், முழுச்சேதம், பகுதிச்சேதம் என்று காலங்கள். வயதான ஓர் அம்மாள் சாம்பலில் நின்றுகொண்டு, "அடுப்பு இந்த மூலையில இருந்துச்சு சாமி. வாசல் கெழக்கால. மழைத் தண்ணி மேற்கால இருந்து வரும், அதனால வாசல அந்தப் பக்கம் வைக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அவசரம். "அதுக்கெல்லாம் இதுல காலம் இல்லம்மா" என்றேன். அவருக்கு ஆபீஸ் பாஷை எப்படித் தெரியும்? "எங்களுக்கு எப்பத்தான் சாமி நல்ல காலம் வந்துச்சு" என்றார். இன்ஸ்பெக்டர் சிரித்தார், நானும் சிரித்தேன். கிளம்பும்போது அவர் ஒரு சொம்பில் தண்ணீர் நீட்டினார். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு வந்தேன். ஏன் வேண்டாம் என்றேன் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும்.

நம் கிராமங்களில் கூரை மாற்றுவது தனி மனிதர் காரியமாக இருந்ததில்லை. அறுவடை முடிந்து மழைக்கு முன், அக்கம்பக்கத்தார் நாலு பேர் வந்து ஏறுவார்கள். இன்று உன் வீடு, நாளை என் வீடு. கூலி கிடையாது, சாப்பாடுதான். ஆனால் அந்தக் கைம்மாற்று உறவு ஒரு தெருவோடு நின்றது. ஊர்த்தெருவிலிருந்து சேரிக்கு யாரும் கூரை வேயப் போனதில்லை. அறிமுகமில்லாதவன் வீட்டுக்கு, எல்லையைத் தாண்டிப் போய் உழைப்பது என்பது வேறு சங்கதி. அதைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் பியேர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர்.

பள்ளியில் எனக்குப் பிரெஞ்சில்தான் பாடம். அந்தப் பழக்கத்தில்தான் செரெசோலைப் பற்றிப் படித்தேன். அவர் 1879-இல் பிறந்தவர், இன்ஜினியர். தகப்பனார் சுவிஸ் நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர். அண்ணன் தம்பிகளில் ஒருவர் ராணுவத்தில் கர்னல். இவரோ யுத்தத்தையே ஏற்காதவர். ராணுவ வரி கட்ட மறுத்துச் சிறைக்குப் போனவர். முதல் உலக யுத்தம் முடிந்ததும், 1920-இல், பிரான்சில் வெர்தன் போர்க்களத்துக்குப் பக்கத்தில் எஸ்ன் என்ற கிராமத்துக்குச் சிலரைக் கூட்டிக்கொண்டு போனார். குண்டு விழுந்து தரைமட்டமான ஊர். அங்கே மண்ணைச் சமன் செய்து மரக் குடில்கள் போட்டார்கள். அந்தக் குழுவில் ஜெர்மன்காரர்களும் இருந்தார்கள் என்பதுதான் விசேஷம். இடித்த நாட்டுப் பிள்ளைகள் கட்ட வந்தார்கள். ஊரில் எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. சில மாதங்களில் அந்த முகாமை முடித்துக்கொள்ள வேண்டி வந்தது. ஆனால் அந்த யோசனை முடிந்துவிடவில்லை. 1928-இல் லிக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டில் வெள்ளத்துக்குப் பிறகு வயல்களிலிருந்து மண்ணும் கல்லும் அள்ள 700-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் பல தேசங்களிலிருந்து வந்தார்கள்.

1931 டிசம்பரில் காந்திஜி லண்டனிலிருந்து திரும்பும் வழியில் சுவிட்சர்லாந்தில் எழுத்தாளர் ரோமேன் ரோலானின் விருந்தினராகத் தங்கினார். அங்கே செரெசோல் அவரைச் சந்தித்தார். 1934 ஜனவரி 15-ஆம் தேதி பிற்பகலில் பீகாரையும் நேபாளத்தையும் பூகம்பம் உலுக்கியது. இரண்டு பக்கமும் சேர்த்து 10,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நிவாரணத்தை ராஜேந்திர பிரசாத் முன்னின்று நடத்தினார். செரெசோல் கப்பலேறி வந்து பார்த்தார். பிறகு மூன்று தோழர்களைக் கூட்டிக்கொண்டு திரும்ப வந்தார். பூகம்பம் நிலத்தைத் தாழ்த்திவிட்டதால் முஸாபர்பூர் பக்கத்தில் பல கிராமங்கள் வெள்ளக்காடாகிவிட்டன. அந்தக் கிராமத்தாரை மேட்டு நிலத்தில் குடியமர்த்தப் புதிய கிராமங்கள் அமைத்தார்கள். அதில் ஒன்றுக்கு சாந்திபூர் என்று பெயர்.

கூலிக்கு ஆள் பஞ்சமே இல்லாத தேசத்தில், ஐரோப்பாவிலிருந்து நாலு பேர் கப்பல் டிக்கெட் எடுத்து வந்து மண் வெட்ட வேண்டுமா? அந்தச் செலவில் எத்தனை வீடு கட்டலாம்? நியாயமான கேள்வி. என் மாப்பிள்ளையும் இதையேதான் கேட்டார். "இவன் போக வர ஆகற செலவை அனுப்பினா, அங்க ஒரு கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் எத்தனையோ நாள் கூலி ஆகுமே மாமா." செரெசோல் வந்த காலத்தில் வெள்ளைக்காரன் என்றால் குதிரை மேல் இருப்பவன், நாற்காலியில் இருப்பவன். படித்த இந்தியனும் மண்வெட்டியைத் தொடமாட்டான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் கிராமத்தாரோடு நின்று மண் சுமந்ததற்குக் கூலிக் கணக்கில் விலை போட முடியாது என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அவர் கட்டிக் கொடுத்த வீடுகளின் எண்ணிக்கையால் இன்று யாரும் அவரை நினைப்பதில்லை.

இலங்கையில் இதே காரியம் 1958-இல் தொடங்கியது. கொழும்பு நாலந்தா கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஏ.டி. ஆரியரத்ன தன் மாணவர்களை அழைத்துக்கொண்டு குருநாகல் மாவட்டத்தில் கனத்தொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். அது ரொடியர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் ஊர். பட்டணத்துப் பிள்ளைகள் அங்கேயே தங்கி, அந்த மக்களோடு உண்டு உறங்கி, வேலை செய்தார்கள். அதற்கு சிரமதானம் என்று பெயர். உழைப்பைத் தானமாகக் கொடுப்பது. அதுவே பிறகு சர்வோதய சிரமதான இயக்கமாக ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவிற்று. ஆரியரத்னவுக்கு 1969-இல் மகசேசே விருது, 1996-இல் நம் அரசின் காந்தி அமைதி விருது. 2024 ஏப்ரலில், 92 வயதில் காலமானார்.

அவர் செய்ததில் எனக்குப் பிடித்த விஷயம், முகாமுக்கு முன்பே ஆட்கள் அந்தக் கிராமத்துக்குப் போய்ப் பேசியது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மண்வெட்டியை எடுத்தார்கள். இதைப் படித்தபோது அந்தச் சொம்புத் தண்ணீர் என் ஞாபகத்துக்கு வந்தது. அந்த மாணவர்கள் இரண்டு வாரம் சாப்பிட்டார்கள். நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

அமெரிக்காவில் 1976-இல் மில்லார்டு ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் தம்பதியர் ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று தொண்டர்கள் வெளிநாடு போய் வீடு கட்டுவது என்றால் பலருக்கும் அதன் ஞாபகம்தான் வரும். அவர்கள் வைத்த விதி, வீட்டுக்காரரும் தன் உழைப்பைக் கொடுத்தாக வேண்டும் என்பது. 1983-இல் ஆந்திராவில் கம்மத்தில் அவர்கள் இந்திய வேலை ஆரம்பமானது. 2006-இல் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரே லோனாவாலாவுக்குப் பக்கத்தில் மாலவ்லிக்கு வந்து, நூறு வீடுகள் எழும்பிய அந்த முகாமில் கரண்டி பிடித்தார். அப்போது அவருக்கு வயது 82.

இனி 2004 டிசம்பர் 26-க்கு வருவோம். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை நம் மரக்காணம், பொம்மையார்பாளையம் கரையில் இருந்தவர்கள் மறக்க முடியாது. இலங்கையில் மட்டும் 30,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலகமே பணத்தோடு வந்து இறங்கியது. இரண்டு வழியில் வீடுகள் எழுந்தன. ஒன்று, கொடுப்பவர் தானே ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டிச் சாவியைக் கொடுப்பது. மற்றொன்று, வீட்டுக்காரர் கையில் பணத்தைத் தவணை தவணையாகக் கொடுத்து, அவரே நின்று கட்டிக்கொள்ள விடுவது. அங்கே முழுதும் இடிந்த வீட்டுக்கு இரண்டரை லட்சம் இலங்கை ரூபாய், பகுதி இடிந்ததற்கு ஒரு லட்சம் என்று வைத்தார்கள். முதல் வழியில் கட்டிய வீடுகளில், கடலிலிருந்து தூரத்தில், தொழிலுக்கு வசதியில்லாமல், ஆள் குடிபோகாமல் கிடந்தவையும் உண்டு. மீனவனை மேட்டில் குடிவைத்தால் வலையை எங்கே உலர்த்துவான்? நம் தமிழ்நாட்டிலும் அவசரத்துக்குத் தார் அட்டையில் தற்காலிக வீடுகள் போட்டார்கள். வெயிலில் அவை வாணலியாய்க் காய்ந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். போட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்கள் பதிவேட்டிலும் அதற்குக் காலம் இல்லை, அவ்வளவுதான்.

2009 மே மாதம் போர் முடிந்தபோது வன்னியிலிருந்து ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் முகாம்களில் இருந்தார்கள். ஊருக்குத் திரும்பியவர்களுக்குச் சுவர் மட்டும் நின்றது, சிலருக்கு அதுவும் இல்லை. 2010-இல் இந்திய அரசு 50,000 வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தது. மொத்தம் ரூ. 1,372 கோடி. முதல் 1,000 வீடுகள் 2012 ஜூலையில் முடிந்தன. பிறகு 2012 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று, வடக்கு கிழக்குக்கான பெரிய கட்டம் தொடங்கியது. இதில் வழி மாறியது. புது வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், பழுது பார்க்க இரண்டரை லட்சம். பணம் நேரே பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வரும். அஸ்திவாரம் எழும்பினால் அடுத்த தவணை, கூரை ஏறினால் அடுத்தது. ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பு, செஞ்சிலுவைச் சங்கம், ஹேபிடாட் அமைப்பு, இலங்கையின் தேசிய வீடமைப்பு அதிகார சபை ஆகியவை கூட நின்று வழிகாட்டின.

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்று நாம் சும்மா சொல்லவில்லை. போரில் கணவனை இழந்த பெண்கள் பலர் தாங்களே மணல் பேரம் பேசி, மேசனை வைத்து, சீமெந்து எண்ணி வாங்கிக் கட்டினார்கள். (நம் கொத்தனார் அங்கே மேசன். நம் சிமெண்ட் அங்கே சீமெந்து. பிரெஞ்சில் சிமான். சொல் மாறினாலும் கை அரிப்பு ஒன்றுதான்.) மணலும் மரமும் விலை ஏறியபோது கொடுத்த பணம் போதவில்லை. நகையை அடகு வைத்தவர்கள், கடன் பட்டவர்கள் நிறைய. அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் கட்டிய வீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள்.

சில வருஷம் கழித்து வேறொரு யோசனை வந்தது. ஒரு பன்னாட்டு உருக்கு நிறுவனம் மூலம் 65,000 இரும்பு வீடுகளைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பூட்டிவிடலாம் என்று கொழும்பு அரசு திட்டமிட்டது. ஒரு வீட்டின் விலை 20 லட்சம் இலங்கை ரூபாய்க்கு மேல். மாதிரி வீட்டையும் நிறுத்திக் காட்டினார்கள். அந்த வெயிலுக்கு இரும்பு வீடா, பழுதானால் உள்ளூர் மேசன் என்ன செய்வான், இந்தப் பணத்தில் கல்வீடு இரண்டு கட்டலாமே என்று தமிழ்ப் பிரதிநிதிகளும் பல்கலைக்கழகப் பொறியாளர்களும் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

இத்தனையும் படித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாயிற்று. பெரிய பணமோ பெரிய தொழில்நுட்பமோ வீட்டை நிறுத்துவதில்லை. குடியிருக்கப் போகிறவர் சொல் எடுபட்ட இடத்தில்தான் வீடு வீடாக நின்றிருக்கிறது. வெளியிலிருந்து போகிற தொண்டன் அந்த வீட்டுக்கு மேஸ்திரி அல்ல. அவன் சித்தாள். வீட்டுக்கார அம்மாள் சொல்ல, மேசன் செய்ய, இவன் சட்டி எடுத்துக் கொடுக்க வேண்டியவன்.

ஆகவே பேரனைத் திண்டிவனத்துக்கு வரச் சொன்னேன். எங்கள் தெருவில் ஒரு வீடு எழும்புகிறது. அந்தக் கொத்தனாரிடம், "ஒரு வாரம் இவனைச் சித்தாளா வெச்சுக்குங்க, கூலி வேண்டாம்" என்றேன். அவர் பேரனின் கையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். முதல் நாள் மதியத்துக்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. இரண்டாம் நாள் கலவையை வெறுங்கையால் தள்ளி விரலெல்லாம் அரித்துப்போனது. மூன்றாம் நாள் மணல் சலிக்கவும், கல்லை நனைத்து எடுத்துக் கொடுக்கவும் பழகினான். ஐந்தாம் நாள் தூக்குக்குண்டு பிடிக்க விட்டார். கடைசி நாள் கொத்தனார் சொன்னார்: "தம்பி, அங்க போய் எனக்குத் தெரியும்னு சொல்லாத. என்ன செய்யணும்னு கேளு. பாதி வேலை அதுலயே முடிஞ்சுடும்." மத்தியானம் அவர்கள் தூக்கில் கொண்டுவந்த கூழை எல்லோரோடும் உட்கார்ந்து குடித்தானாம். இதைக் கேட்டபோது மனசு நிறைந்தது.

இனி நான் போட்டுக் கொடுத்த பட்டியல். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவலாம்.

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும்; விசாவை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். இப்போது சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கே விமானம் இருக்கிறது. வடக்கில் மழைக்காலம் நமக்குப் போலவே ஐப்பசி, கார்த்திகைதான். அந்த மாதங்களில் போகக் கூடாது. கிளம்புமுன் டெட்டனஸ் ஊசி. இலங்கையில் மலேரியா இல்லை என்று 2016-இல் உலக சுகாதார நிறுவனமே சான்று கொடுத்துவிட்டது. ஆனால் டெங்கு உண்டு, கொசுவுக்கான களிம்பு கட்டாயம். கணுக்கால் மூடும் கெட்டியான ஷூ, இரண்டு ஜோடி ரப்பர் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை நாலு, தொப்பி, ராத்திரிக்குக் கைலி. உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட். டார்ச். போர் நடந்த பூமி, ஆகவே வழக்கமான பாதையை விட்டு விலகிப் புதருக்குள் போகக் கூடாது. வீட்டாரைக் கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது. போரைப் பற்றி அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும், கிளறக் கூடாது. மாப்பிள்ளை கேட்ட கேள்விக்கும் வழி செய்தாயிற்று. பேரனின் பயணச் செலவுக்குச் சமமான தொகையை அந்த வீட்டின் ஜன்னல் கதவுக்கென்று அவரும் நானும் பாதிப் பாதி போட்டு முன்கூட்டியே அனுப்பிவிட்டோம்.

கடைசியாக, ஒரு 40 பக்க நோட்டு. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாசல் எந்தப் பக்கம்? அடுப்பு எந்த மூலை? மழைத் தண்ணீர் எங்கிருந்து வரும்? போன அன்றே அந்த வீட்டு அம்மாளிடம் கேட்டு எழுத வேண்டும். அவர்கள் தண்ணீர் கொடுத்தால் முதலில் வாங்கிக் குடிக்க வேண்டும்.

பேரன் போய்த் திரும்பியதும் அந்த நோட்டை வாங்கிப் பார்த்து மீதியை எழுதுகிறேன்.